உறைபனி, கோஸ் புழு, வரையாடு: இனக்கூட்டங்கள் சூழலுக்கு ஏற்ப மாறுவது எப்படி?

நீர்ப்பனிக் காலம் முடிந்து டிசம்பரில் உறைபனி விழத் தொடங்கியதும், ஊட்டியை அடுத்த தலைகுந்தாவிலும் காந்தலிலும் விடியற்காலைப் புல்வெளி வெள்ளைத் துப்பட்டி விரித்ததுபோல் கிடக்கும். வெயில் ஏறினால் பனி கரைந்துவிடும். ஒரு வாரம் கழித்து அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். புல்லின் நுனி கருகியிருக்கும், தூர் உயிரோடு இருக்கும். அந்தப் புல்லுக்கு நடுவே சோலை எனும் மலைக்காட்டு மரத்தின் விதை விழுந்து முளைத்த கன்று ஏதாவது இருந்தால், அது அடியோடு கறுத்து மடிந்திருக்கும். பத்தடி தள்ளிச் சோலைக்குள் அதே மரத்தின் கன்று பச்சையாக நிற்கும்.

காரணம் எளிது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். சோலைக்குள் இலைக்கூரை சூட்டைப் பிடித்து வைப்பதால் அங்கே உறைபனி படிவதில்லை. திறந்த வெளியில் புல் மட்டத்தில் உள்ள வெப்பம், ஆள் உயரத்தில் உள்ளதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். அதனால்தான் வெப்பமானி 2 டிகிரி காட்டும் காலையிலும் புல்லில் பனி உறைந்திருக்கிறது. உறைபனியை அளக்க விரும்புகிறவர்கள் வெப்பமானியைச் சுவரில் மாட்டினால் கணக்கு தப்பும். புல்லின் மேல் ஐந்து, பத்து சென்டிமீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும்.

புல்லுக்கு வளரும் குருத்து மண்ணை ஒட்டிய தூரில் இருக்கிறது. மேலே எவ்வளவு கருகினாலும் அங்கிருந்து மறுபடி துளிர்க்கும். மரக்கன்றுக்குக் குருத்து உச்சியில். அது உறைந்தால் கன்றின் கதை முடிந்தது. உறைபனி விழும் திறந்தவெளியில் புல் நிலைக்கிறது, உறைபனி எட்டாத மடிப்புகளில் சோலை நிலைக்கிறது. இப்படிச் சூழலோடு பொருந்தி நிற்கும் உடலமைப்பைத்தான் தகவமைப்பு என்கிறோம்.

அந்தப் பொருத்தம் எப்படி வந்தது? "குளிர் வருகிறது, குருத்தைக் கீழே வைத்துக்கொள்வோம்" என்று எந்தப் புல்லும் முடிவெடுக்கவில்லை. தேவை என்பதற்காக எந்த உயிருக்கும் புதிய உறுப்பு முளைப்பதில்லை. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் விட வேண்டிய எண்ணம் அதுதான்.

மாறுவது எது?

ஒரே இடத்தில் வாழ்ந்து தமக்குள் இணைசேரும் ஒரே இன உயிர்கள் எல்லாம் சேர்ந்தது ஓர் இனக்கூட்டம். முக்கூர்த்தியில் மேயும் வரையாடுகள் ஓர் இனக்கூட்டம்; ஆனைமலையில் மேய்பவை இன்னொன்று. தனி ஆடு பிறந்தபோது பெற்ற மரபணுக்களோடுதான் சாகும். தலைமுறைகள் செல்லச்செல்ல மாறுவது, கூட்டத்தில் எந்த மரபணு எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற விகிதம்.

அந்த விகிதம் ஒரு திசையில் நகர மூன்று விஷயங்கள் வேண்டும். கூட்டத்துக்குள் வேறுபாடு இருக்க வேண்டும். அந்த வேறுபாடு பிள்ளைகளுக்கு இறங்க வேண்டும். அதனால் சிலர் மற்றவர்களைவிட அதிகப் பிள்ளைகளை விட்டுச்செல்ல வேண்டும். எல்லாரும் ஒரே வார்ப்பாக இருந்தால் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. வேறுபாடு மரபில் இறங்காவிட்டால், ஒரு தலைமுறையின் ஆதாயம் அதோடு போய்விடும். எல்லாரும் ஒரே அளவு பிள்ளை பெற்றால் விகிதம் அசையாது. மூன்றும் கூடியிருக்கும்போது நடப்பதுதான் இயற்கைத் தேர்வு.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மரபணு நகலெடுக்கப்படும்போது நேரும் தவறுகள் ஒரு வழி; இதைத் திடீர்மாற்றம் என்பார்கள். தாய், தந்தை இருவரின் மரபணுக்களும் கலைத்துப் போடப்படுவது இன்னொரு வழி. வெளியிலிருந்து வந்து சேரும் உயிர்கள் கொண்டுவருவது மூன்றாவது. திடீர்மாற்றம் தேவை பார்த்து நடப்பதில்லை. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, சில கெடுக்கும், மிகச் சில உதவும். எது உதவும் என்பதைச் சூழல்தான் முடிவு செய்கிறது.

கோஸ் தோட்டத்தில் ஒரு கணக்கு

காட்டில் இந்த மாற்றத்தைக் கண்ணால் காண நூற்றாண்டுகள் ஆகலாம். கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டத்திலோ பூம்பாறையின் படிக்கட்டு வயலிலோ சில மாதங்களே போதும்.

முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு, இலையின் பச்சையைச் சுரண்டிவிட்டு மேல்தோலை மட்டும் கண்ணாடிபோல் விட்டுவைக்கும். சிறகை மடித்து உட்கார்ந்தால் அந்துப்பூச்சியின் முதுகில் வைர வடிவம் தெரியும். அதனால் அந்தப் பெயர். டிடிடி மருந்தை எதிர்த்து நின்ற பயிர்ப்பூச்சிகளில் உலகில் முதலில் பதிவானது இதுவே. 1953-ல், ஜாவாவில்.

"பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது" என்று தோட்டத்தில் சொல்வார்கள். பேச்சுக்கு அது சரி, நடப்பது வேறு. எந்தப் புழுவும் மருந்தைக் குடித்துக் குடித்துப் பழகுவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தோட்டத்தில் 10,000 புழுக்களுக்கு ஒன்று, மருந்தைத் தாங்கும் மரபணுவோடு பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து சாதாரணப் புழுக்களில் 100-க்கு 95-ஐக் கொல்கிறது. தாங்கும் புழுக்களில் 100-க்கு 20 மட்டுமே சாகின்றன. அதாவது ஒவ்வொரு அடிப்பிலும் சாதாரணப் புழுவுக்குப் பிழைக்க 5 வாய்ப்பு, தாங்கும் புழுவுக்கு 80 வாய்ப்பு. தாங்கும் புழுக்களின் விகிதம் தலைமுறைக்கு 16 மடங்கு பெருகும்.

தொடக்கத்தில் 10,000 சாதாரணப் புழுவுக்கு 1 தாங்கும் புழு. ஒரு தலைமுறை கழிந்தால் 16. இரண்டாவதில் 256. மூன்றாவதில் 4,096, இப்போது தோட்டத்தில் ஏறக்குறைய 10-ல் 3 புழு மருந்தைத் தாங்கும். நான்காவதில் 65,536-க்கு 10,000. அதாவது 100-க்கு 87. முதல் மூன்று அடிப்பு வரை மருந்து நன்றாகக் கேட்டதுபோல் தோன்றும், நான்காவதில் திடீரென்று கைவிட்டதுபோல் இருக்கும். மருந்து கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டை போடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

பூச்சிகள் ஜோடி சேர்ந்து இனம்பெருக்குவதால் உண்மையான வேகம் இந்தக் கணக்கைவிடக் குறையும். தாங்கும் மரபணு பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் முழு வலிமை பெறுகிறது. ஒரு பக்கம் மட்டும் வந்த புழு சரியான அளவு மருந்தில் செத்துவிடும். சிக்கனத்துக்காகத் தண்ணீரைக் கூட்டி மருந்தை நீர்க்கச் செய்வதால் வரும் கேடு இங்கேதான் இருக்கிறது. சாக வேண்டிய அரைத்தாங்கிப் புழுக்கள் பிழைத்து, தமக்குள் ஜோடி சேர்ந்து, முழுத்தாங்கிகளைப் பெறுகின்றன.

மருந்து மாற்றி அடிப்பதிலும் ஒரு பிசகு நேர்கிறது. டப்பாவின் பெயரை மாற்றுவது மருந்தை மாற்றுவது ஆகாது. புளூபெண்டியமைடும் குளோராண்ட்ரானிலிப்ரோலும் இரண்டு பெயர்கள். இரண்டும் புழுவின் தசையில் ஒரே இடத்தைத் தாக்குபவை; மருந்து தாக்கும் விதத்தைக் குறிக்கும் தொகுதி எண்ணும் இரண்டுக்கும் 28தான். ஒன்றைத் தாங்கிய புழு பெரும்பாலும் மற்றதையும் தாங்கும். ஸ்பினோசாட் 5, எமாமெக்டின் 6, பிடி பாக்டீரியா மருந்து 11. எண் மாறினால்தான் மாற்றம். அந்த மாற்றத்தையும் அடிப்புக்கு அடிப்பு செய்யக் கூடாது, தலைமுறைக்குத் தலைமுறை செய்ய வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் இந்தப் பூச்சியின் ஒரு தலைமுறை இரண்டு, மூன்று வாரம். மலைக்குளிரில் ஒரு மாதத்துக்கும் மேலே போகும். அந்தக் காலம் முழுவதும் ஒரு தொகுதி, அடுத்த தலைமுறைக்கு வேறு தொகுதி.

25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு விதைத்துப் பூச்சியை அந்தப் பக்கம் இழுக்கும் முறையும் உண்டு. கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பு ஒரு வரிசை, நட்டு 25 நாள் கழித்து இன்னொரு வரிசை விதைப்பார்கள். கோஸில் மருந்தடிப்பு எத்தனை முறை குறைகிறதோ அத்தனை முறை தேர்வு அழுத்தமும் குறைகிறது. மருந்து படாத ஓரங்களில் சாதாரணப் பூச்சிகள் பிழைத்திருப்பதும் நல்லதே. தாங்கும் பூச்சி அவற்றோடு ஜோடி சேர்ந்தால் பிள்ளைகள் அரைத்தாங்கிகளாகப் போய்விடும்.

பழக்கமா, பிறவியா?

கொடைக்கானல் தெருக்களில் காட்டுமாடு நிதானமாக நடந்து போவதைப் பார்த்தவர்கள், அது ஊருக்கு ஏற்ப மாறிவிட்டது என்பார்கள். அது மாறியது உண்மை. ஆனால் அது ஒரு மாட்டின் ஆயுளுக்குள் நடந்த கற்றல். மனிதன் துரத்துவதில்லை, புல் கிடைக்கிறது என்று தாய் தெரிந்துகொள்கிறது, கன்று தாயின் பின்னால் நடந்து கற்கிறது. சமவெளியிலிருந்து ஊட்டிக்குக் குடிவந்தவருக்கு முதல் மாதம் உதறும் குளிர் மூன்றாம் மாதம் தாங்கக்கூடியதாகிவிடுவதும் இதே வகை. இதை இணக்கம் என்று சொல்லலாம். மரபணு விகிதம் இதில் அசையவில்லை. நாளைக்குச் சூழல் திரும்பினால் நடத்தையும் திரும்பிவிடும். வேகமாக மாறும் சூழலில் இணக்கம் விலைமதிப்பில்லாதது. மரபு மாறும்வரை உயிரைக் காத்து வைப்பது அதுவே.

ஒரு வேறுபாடு இணக்கமா, மரபில் வந்த தகவமைப்பா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. அதற்குப் பொதுத்தோட்டச் சோதனை என்று ஒரு வழி இருக்கிறது. பள்ளித் தோட்டத்திலேயே செய்யலாம். மேட்டுப்பாளையம் பக்கத்திலும் கோத்தகிரி பக்கத்திலும் பல ஆண்டுகளாகச் சொந்த விதை எடுத்துப் பயிரிடும் அவரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் 20 தாய்ச்செடிகளிலிருந்து செடிக்கு 10 விதை வீதம் தனித்தனி உறையில் வாங்க வேண்டும். ஒரே செடியிலிருந்து 200 விதை எடுத்தால் ஒரு குடும்பத்தைத்தான் அளப்பீர்கள், கூட்டத்தை அளக்க மாட்டீர்கள். எல்லாவற்றையும் ஒரே மண்கலவை, ஒரே அளவு தொட்டி, ஒரே இடத்தில் விதைத்து, முளைத்த நாள், முதல் பூ விட்ட நாள், இலையின் நீளம், உறைபனிக்குப் பின் பிழைத்த எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வாருங்கள்.

இரண்டு இடத்தில் சோதனை கெடும். கோத்தகிரித் தொட்டிகளை ஒரு பக்கமும் மேட்டுப்பாளையத் தொட்டிகளை மறுபக்கமும் வைத்தால், மரநிழல் செய்த வேலையை மரபு செய்ததாக எண்ணிவிடுவோம். ஆகவே குலுக்கல் முறையில் கலந்து வைத்து, வாரம் ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். மற்றது தாயின் தாக்கம். செழித்த மண்ணில் வளர்ந்த தாய் பருத்த விதை கொடுக்கும், பருத்த விதை வேகமாக முளைக்கும். அது மரபு அல்ல, சீர்வரிசை. இதைக் கழிக்க, முதல் போகத்து விதைகளை மறுபடி அதே தோட்டத்தில் விதைத்து இரண்டாம் தலைமுறையில் அளக்க வேண்டும். அங்கேயும் வேறுபாடு நிலைத்தால் அது மரபில் இருக்கிறது.

காலத்தைப் பங்கு வைப்பது

உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-ல் கண்டறியப்பட்டது. பெண் புழு செத்ததும் அதன் உடலே கடினமான கூடாகிவிடும். கடுகைவிடச் சிறிய அந்தக் கூட்டுக்குள் சில நூறு முட்டைகள் இருக்கும். அருகே உருளை வேர் கசியும் வாடை வந்தால் அவற்றில் பெரும்பாலானவை பொரிக்கும். பயிரே இல்லாத ஆண்டிலும் ஒரு பகுதி பொரித்துப் பட்டினியால் சாகும். மீதி காத்திருக்கும். மண்ணில் 20 ஆண்டுக்கு மேல் உயிரோடு கிடக்கும் முட்டைகளும் உண்டு.

பயிரில்லாத ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்தால், 100 முட்டை மூன்று ஆண்டில் 30 ஆகும். ஓராண்டு மட்டும் கேரட்டோ பூண்டோ போட்டுவிட்டு மறுபடி உருளைக்குத் திரும்புகிறவருக்கு 67 முட்டை காத்திருக்கிறது. ஒரே கூட்டுக்குள் பிறந்த முட்டைகள் வெவ்வேறு ஆண்டில் பொரிக்கும் இந்த வேறுபாடே அந்தப் புழுவின் பெரிய பலம். எல்லாம் ஒரே ஆண்டில் பொரித்திருந்தால் ஒரு பயிர்ச்சுழற்சியில் ஒழிந்திருக்கும்.

இந்தப் புழுவில் இரண்டு இனங்கள் உண்டு. கூடு முதிரும்போது பொன்மஞ்சளாகும் ஒன்று, வெள்ளையிலிருந்து நேரே பழுப்பாகும் மற்றொன்று. பிரிட்டனில் 1966-ல் வந்த மாரிஸ் பைப்பர் உருளை, பொன்மஞ்சள் இனத்தை மட்டும் எதிர்க்கும் ஒற்றை மரபணு கொண்டது. அதைத் தொடர்ந்து நட்ட நிலங்களில் போட்டி இல்லாமல் மற்ற இனம் பெருகி, இன்று அங்கே முதன்மைத் தொல்லையாகிவிட்டது. இந்த மலையில் இரண்டு இனமும் இருக்கின்றன. ஊட்டியை அடுத்த முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பில் 1985-ல் வெளியான குப்ரி சுவர்ணா, இரண்டையும் எதிர்க்கும் ரகமாக வந்தது. எதிர்ப்பு ரகத்தையும் ஆண்டுதோறும் நடக் கூடாது என்பதற்கு, மேலே போட்ட கோஸ் கணக்கே விடை.

சீகை (வாட்டில்) மரமும் அதே வித்தையைச் செய்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகப் பரப்பப்பட்ட மரம் இது. கல்போன்ற தோல் கொண்ட இதன் விதைகள் பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கும். மரத்தை வெட்டி வெளிச்சம் விழுந்தாலோ தீ பட்டாலோ கூட்டமாக எழும். புல்வெளியை மீட்கச் சீகையை ஒருமுறை வெட்டிவிட்டு விட்டுவிடுகிற திட்டங்கள் தோற்பது இதனால்தான். வெட்டிய பின் ஆண்டுதோறும் நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், கூடவே உள்ளூர்ப் புல்தூர்களை நட்டு மண்ணை மூட வேண்டும்.

குறிஞ்சி இதற்கு நேர் எதிர். நீலக்குறிஞ்சி 12 ஆண்டு வளர்ந்து, எல்லாச் செடியும் ஒரே பருவத்தில் பூத்து, விதைத்து, மடிகிறது. 2006, 2018 என்று கொடைக்கானல் சரிவுகள் நீலமானது நினைவிருக்கும். விதை தின்னும் உயிர்கள் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே நேரத்தில் கொட்டிவிடுவதே இதன் பயன் என்பது பல தாவரவியலாளர்களின் விளக்கம். ஒன்றிரண்டு செடி ஆண்டு தவறிப் பூக்கிறது. அவற்றின் விதை தப்புவது அரிது. ஒரு பெருந்தீயோ வறட்சியோ பூக்கும் ஆண்டில் வந்துவிட்டால், அந்த ஆண்டு தவறிகளே இனத்தின் சேமிப்பு.

தலைமுறை நீளத்தையும் இங்கே கவனியுங்கள். நூறாண்டில் குறிஞ்சிக்கு எட்டுத் தலைமுறை. கோஸ் அந்துப்பூச்சிக்கு அது ஓராண்டு வேலை. சூழல் ஒரே வேகத்தில் மாறினாலும் இரண்டுக்கும் கிடைக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. தொல்லை தருபவை நம் கண்முன்னே மாறுவதும், நாம் நேசிப்பவை தடுமாறுவதும் இந்தக் கணக்கால்தான்.

மலைகளே தீவுகள்

நீலகிரிக்கும் அதற்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. 2,000 மீட்டர் உயரத்தின் குளிர்ச் சோலையை விட்டு வெளியே வராத சிறு பறவைக்கு அந்தச் சூடான தாழ்நிலம் கடல் மாதிரி. ஊட்டிச் சோலையில் கூட்டமாகச் சிரிப்பது நீலகிரிச் சிரிப்பான், மார்பு செம்பழுப்பு. கொடைக்கானல் சோலையில் சிரிப்பது பழனிச் சிரிப்பான், மார்பு சாம்பல். சோலைத் தரையோரம் திரியும் நீலச்சிட்டும் அப்படியே: நீலகிரியில் விலா செம்பழுப்பு, பழனியில் வயிறு வெள்ளை. முன்னோர் ஒன்று, பல லட்சம் ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்ததில் வெவ்வேறு இனங்களாகிவிட்டன. வரையாடுகளிலும் யானைகளிலுங்கூடக் கணவாயின் இருபுறமும் மரபணு வேறுபாட்டை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இந்த வேறுபாடுகள் எல்லாமே தேர்வால் வந்தவை அல்ல. மார்பு சாம்பலாக இருப்பதில் கொடைக்கானலில் தனி லாபம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. சிறு கூட்டத்தில் தற்செயலும் விகிதத்தை நகர்த்தும். பத்துப் பேர் கொண்ட கூட்டத்தில் ஒருவர் மின்னலில் செத்தால் அவரோடு ஓர் அரிய மரபணுவே போய்விடலாம். பத்தாயிரம் பேரில் அது கவனத்துக்கே வராது. இந்தத் தற்செயல் ஓட்டத்துக்கு மரபணு நகர்வு என்று பெயர்.

இதை வரையாட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தலைமுறையில் கூட்டம் இழக்கும் மரபு வேறுபாடு, 1-ஐ இனம்பெருக்கும் எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்தால் வரும். ஆனால் தலைகளை எண்ணி அந்த எண்ணிக்கையை எடுக்கக் கூடாது. வரையாட்டில் வலிய கிடாக்கள் சிலவே பெரும்பாலான பெட்டைகளோடு சேரும். 50 ஆடுகளில் 5 கிடா, 45 பெட்டை இனம்பெருக்கினால், நான்கு பெருக்கல் 5 பெருக்கல் 45, வகுத்தல் 50. விடை 18. கண்ணுக்கு 50, மரபுக்கு 18. தலைமுறைக்கு 36-ல் ஒரு பங்கு வேறுபாடு போகும். பத்துத் தலைமுறையில் கால்வாசி போய்விடும். அதே கணக்கில் மரபுக்கு 500 இருந்தால், பத்துத் தலைமுறையில் நூற்றுக்கு ஒன்றுதான் போகும்.

தமிழ்நாடு முழுவதும் 2024-ல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் எண்ணப்பட்ட வரையாடுகள் 1,031. ஒரே கூட்டமாக இருந்தால் அது மோசமான எண் இல்லை. அவை பல மலைகளில் துண்டு துண்டாக இருப்பதுதான் கவலை. துண்டுகளுக்கு இடையே தலைமுறைக்கு ஓர் ஆடாவது போய்ச் சேர்ந்து குட்டி போட்டால், நகர்வால் வரும் இழப்பில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடும். அதற்குத் திறந்த புல்வெளியும் பாறையும் தொடர்ச்சியாக வேண்டும். எதிரி தெரியாத அடர்ந்த சீகைத் தோப்பு வரையாட்டுக்குப் பாதையாகாது. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. பெரும்பகுதி மரத்தோப்பாகவும் விளைநிலமாகவும் ஆகிவிட்டது. மரம் நடுவதெல்லாம் நல்லது என்று நம்பிப் புல்வெளியில் குழி தோண்டுவதைவிட இந்த மலைக்குப் பெரிய தீங்கு அதிகமில்லை.

புல்வெளி, காடழிந்த பொட்டல் என்ற எண்ணமும் தவறு. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காக மட்கிப் படிந்த கரிமண்ணை ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் பனியுகத்தில் இருந்தபோது, வறண்ட இந்த மலையில் புல்லே மேலோங்கியிருந்தது. பின்பு மழை பெருகியபோது புல் பின்வாங்கியது, மறுபடி வறண்டபோது முன்னேறியது. புல்லும் சோலையும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் ஆயிரமாயிரம் ஆண்டுகள் இடம் மாறிக்கொண்டு வந்திருக்கின்றன.

மேலே எவ்வளவு இடம்?

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் 326 மீட்டர், ஊட்டி நிலையம் 2,203 மீட்டர். பொம்மை ரயில் ஏறும் உயரத்தில் 11 டிகிரி இறங்குகிறது. திருப்பிப் போட்டால், உலகம் 1 டிகிரி சூடானால், பழைய குளிர் வேண்டும் உயிர் ஏறக்குறைய 165 மீட்டர் மேலே நகர வேண்டும்.

2,000 மீட்டருக்கு மேல் மட்டும் வாழும் ஓர் உயிருக்குத் தொட்டபெட்டாவின் 2,637 மீட்டர் வரை 637 மீட்டர் இடம் உண்டு. 2 டிகிரி கூடினால் அதன் கீழெல்லை 2,330-க்கு ஏறும், மிச்சம் சுமார் 300 மீட்டர். உயரம் பாதியானது என்று எண்ண வேண்டாம். கூம்பு வடிவ மலையில் உயரம் பாதியானால் பரப்பு கால்வாசியாகிவிடும். நீலகிரியோ கூம்புகூட இல்லை, மேசைபோன்ற மேட்டுநிலம். கீழெல்லை அந்த மேசையின் மட்டத்தைத் தாண்டும்வரை இழப்பு மெதுவாக இருக்கும். தாண்டியதும் பெரும்பரப்பு ஒரேயடியாகக் கைவிட்டுப் போகும். பழனியின் மேல்மலையும் அப்படித்தான். அங்கே உயர்ந்த சிகரங்களில் ஒன்றான வந்தரவு 2,553 மீட்டர். அதற்கு மேல் ஏற இடமே இல்லை.

குளிர் குறைவதன் முதல் அடையாளம் சிகரத்தில் தெரியாது, நாம் தொடங்கிய அந்தப் பள்ளத்தில் தெரியும். உறைபனி விழும் இரவுகள் குறைந்தால் புல்வெளிக்குள் விழுந்த மரவிதைகள் பிழைக்கத் தொடங்கும். அதில் சோலை மரம் மெதுவாக வரும், சீகை வேகமாக வரும். இப்போதே பழைய சீகைத் தோப்புகளின் நிழலில், உறைபனி எட்டாத காரணத்தால், சோலைக் கன்றுகள் முளைத்து நிற்கின்றன. அந்தத் தோப்புகளை முழுதாக வெட்டினால் கன்றுகளும் போகும். அங்கே சீகையைச் சிறிது சிறிதாக விலக்கிச் சோலையை எழ விடலாம். திறந்த புல்வெளியின் ஓரத்தில் முளைக்கும் சீகையை மட்டும் முழங்கால் உயரம் வருமுன் வேரோடு பிடுங்க வேண்டும். வனத்துறையின் அனுமதியோடு இதைச் செய்கிறவர்கள், மழை நின்று மண் ஈரமாக இருக்கும் நவம்பர், டிசம்பரில் போனால் கையாலேயே வேர் முழுதும் வந்துவிடும். ஜனவரியில் மண் இறுகிவிட்டால் தண்டு மட்டும் கையோடு வரும்.